மூக்கடைத்த சத்தம்

இசைக்குழுவில் எல்லோரும் அவனைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. கடை கடையாகப் போய் எடைபோடும் தராசுகளைப் பிரித்துத் துடைத்து, முள்ளைச் சரிசெய்து, சோதனைக் கல்லை வைத்துப் பார்த்துவிட்டு வருவது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிதார் வாசிப்பான். நான்கு தடித்த கம்பிகள். தட்டினால் சத்தம் நேரே நெஞ்சுக்குப் போகும் என்பார்கள். அவன் தட்டிய சத்தம் ஆறு வருடமாக எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும்தான்.

குழு என்றால் பெரிய பட்டாளம் இல்லை. கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர்தான் தலைவர். என்ன பாட்டு, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். டிரம்ஸில் தராசின் மச்சினன், மனைவியின் தம்பி. பாடுவதற்கு ஒரு பெண்; மற்ற நாட்களில் பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். நாலாவது ஆள் தராசு. ஒப்புக்குச் சப்பாணி என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். கொடுத்த டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்படி இருக்கிற ஆள் இல்லை.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தா சொல்லாத."

"ஹோட்டல்ல வாரா வாரம் வாசிக்கற வேலை வருதில்ல, அதுக்கு மூணு பேர் போதும்கறார் மாஸ்டர். பேஸை அவரே கீபோர்டுல இடது கையால பாத்துக்கறாராம். 'உங்க மாமா வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்காட்டியும் ஒண்ணுதான், என் இடது கை சும்மாதானே இருக்கு'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"வர ஞாயித்துக்கிழமை ஒரு தடவ கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னேன். சரின்னுட்டார்."

அறையின் மூலையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் நின்றது. தராசின் மனைவி பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். "ஏண்டா, மாமாவுக்காக நாலு வார்த்தை சண்டை போட்டிருக்க வேணாமா?" என்று கேட்டாள்.

"என்னன்னு சொல்லி சண்டை போடறதுக்கா? பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்கே கேக்கல."

இது தராசுக்கு வலித்தது. மாஸ்டர் சொன்னதைவிட மச்சினன் சொன்னதுதான் வலித்தது. தராசுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது, வேறு நண்பர்களும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று மணி நேரம் போய்விட்டால் வாரம் முழுக்கத் தராசும் கல்லும்தான்.

கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அதற்காகவே இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெடல் வாங்கியிருந்தான். இருப்பதிலேயே மலிவானது. செருப்புப் பெட்டியளவு பிளாஸ்டிக் டப்பா. காலால் மிதிக்க இரண்டு பொத்தான், திருக மூன்று குமிழ், இரண்டு இலக்கம் மட்டும் தெரிகிற சின்னக் கண்ணாடித் திரை. கிதாரை இந்தப் பக்கம் செருகி, ஸ்பீக்கர் பெட்டியை அந்தப் பக்கம் செருகினால் நடுவில் நூறு விதமான சத்தங்கள் காத்திருந்தன. கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்தவற்றில் பாதி பஸ் ஹாரன், மீதி தண்ணீருக்குள் முங்கிய யானை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று பெடலைக் குறை சொல்லும் ஆளல்ல நம்முடைய தராசு. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தானே செய்ய உட்கார்ந்தான்.

செய்தும் விட்டான். வீட்டில் சத்தம் போட முடியாது என்பதால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேலை முடிந்து வந்த நேரங்களிலெல்லாம் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். அடிச்சத்தத்தை ஏற்றினான். மேல்சத்தத்தைப் பளபளவென்று துலக்கினான். நடுவில் இருக்கும் சத்தம் மூக்கால் பேசுவதுபோல இருந்ததால் அதைக் கிட்டத்தட்டத் துடைத்தே எடுத்தான். கொஞ்சம் எதிரொலி, கொஞ்சம் அலையடிக்கிற மினுமினுப்பு, பெரிய மேடை ஸ்பீக்கரின் ஓசையைப் போல நடிக்கும் ஒரு வித்தை, எல்லாம் சேர்த்தான். அறுபத்தொன்றாம் எண்ணில் பதிந்து வைத்தான். தேன் என்றால் தேன். ஹெட்போனில் கேட்டால் அவனுக்கே கண் கலங்கும். அந்தத் தேனைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் ஊற்றினான். மற்ற மூன்று பேரும் வாசிக்கத் தொடங்கியதும் அது விழலுக்கு இறைத்த நீராய்ப் போய்விட்டது.

மச்சினன் போனபிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் அறுபத்தொன்றை வாசித்துப் பார்த்தான். குறை ஒன்றும் தெரியவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியில் செருகி வாசித்தான்.

"எப்படி இருக்கு?"

மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க கேட்டீங்க?"

"சத்தம் எப்படி இருக்குன்னேன்."

"வாசிச்சீங்களா?"

தராசு வாசிப்பதை நிறுத்தினான். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாததால் அது வந்த வழியே போய்விட்டது. கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு தொழில்காரன் மூளை வேலை செய்தது. ஒரு தராசு சரியா என்று அதன் அழகைப் பார்த்தா சொல்கிறோம்? தெரிந்த கல்லை வைத்துத்தானே சொல்கிறோம்.

"நீ பாட்டுக்குத் தைச்சிட்டே இரு. நான் சில தடவ தட்டுவேன். எத்தனை தட்டினேன்னு மட்டும் சொல்லு."

"நல்ல வேலையாப் பாத்துக் கண்டுபிடிச்சீங்க," என்றாள். ஆனாலும் தைத்துக்கொண்டே காது கொடுத்தாள்.

ஐந்து முறை தட்டினான்.

"ரெண்டு. இல்ல, ஒண்ணே ஒண்ணு நீளமா."

பெடலைக் குனிந்து பார்த்தான். எதிரொலியை அணைத்தான். மினுமினுப்பை அணைத்தான். ஏழு முறை தட்டினான். "மூணு," என்றாள். மெஷின் ஓடும்போதெல்லாம் பெடல் வேறு ஈயாய் ரீங்கரித்தது. இரண்டும் ஒரே பிளக்கில் இருந்ததுதான் காரணம். பெடலை அடுக்களைப் பிளக்குக்கு மாற்றினான். மேடை ஸ்பீக்கர் போல நடிக்கும் வித்தை நிஜ ஸ்பீக்கருக்குள் போகும்போது போர்வைக்குமேல் போர்வை போர்த்தியதாகிவிடுகிறது என்று புதன்கிழமைதான் உறைத்தது. அதையும் அணைத்தான். "நாலு," என்றாள்.

வியாழக்கிழமை அவளே மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கறுப்புத் துணியில கறுப்பு நூல்ல தைச்சா தையல் எவ்வளவு நல்லா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்க சத்தம் என் மெஷின் கலர்லயே இருக்கு. கீழயும் கடகட, மேலயும் கிணுகிணு. நடுவுல ஒண்ணுமே இல்லையே?"

இசையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தராசு அவளையே பார்த்தான். பிறகு தான் துடைத்தெறிந்த நடுச்சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்தான். ஆசையாக ஏற்றிவைத்த அடிச்சத்தத்தை மனமில்லாமல் இறக்கினான். சன்னமாகக் கொஞ்சம் கரகரப்பு கலந்தான். மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஓரளவு ஒரே உயரத்தில் நிற்கும்படி அமுக்கி வைத்தான். ஒன்பது முறை தட்டினான்.

"ஒம்பது. கடைசி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள். "சளி பிடிச்சவன் பேசற மாதிரி இருக்கு."

உண்மைதான். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த சத்தம். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பன்னிரண்டாம் எண்ணில் பதிந்தான். அறுபத்தொன்றை அழிக்க மனம் வரவில்லை. இடது பொத்தானை மிதித்தால் தேன், வலது பொத்தானை மிதித்தால் மூக்கடைப்பு என்று இரண்டையும் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஒரு காய்கறிக் கடையில் வட்ட முள் தராசைச் சரிசெய்தான். கடைக்காரர் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குறையக் காட்டுகிறதே என்றார். "நேரா வந்து நின்னு பாருங்க. சாஞ்சு பாத்தா முள்ளு ஒரு கோடு தள்ளித்தான் காட்டும்," என்றான் தராசு. ஒரு நாளைக்குப் பத்து பேருக்காவது சொல்கிற வசனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் உதிரிபாகக் கடையின் மேல்மாடியில் கூடினார்கள். எண்ணெய் வாடை அடிக்கும் நீள அறை, ஒரே ஒரு ஜன்னல். மாஸ்டர் கீபோர்டை வைத்துவிட்டு இடது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். வழக்கமாகச் செய்வதுதான் என்றாலும் அன்றைக்குத் தராசு அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாடகி தன் பிளாஸ்க்கை நாற்காலிமேல் வைத்தாள். அதில் வெந்நீர். அவள் பாடும் மெதுவான பாட்டு ஒன்றில், இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரிக்கு வந்தால் குரல் ஒரு பொட்டு இறங்கிவிடும். ஆறு வருடமாக மாஸ்டர் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார். அந்தப் பாட்டுக்கு முன்னால் வெந்நீர் குடிப்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். அவளும் மழையோ வெயிலோ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"மூணு பாட்டு," என்றார் மாஸ்டர். "அப்புறம் பேசலாம்."

தராசு வலது பொத்தானை மிதித்தான். கண்ணாடியில் பன்னிரண்டு வந்தது.

முதல் பாட்டின் நாலாவது அடியிலேயே மச்சினன் தலை திரும்பியது. குச்சிகள் தானாகத் தராசின் தட்டுக்கு இசைந்து விழுந்தன. அறையின் தரைக்கு அடியில் யாரோ தூண் கொடுத்தது போலிருந்தது. மூக்கடைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கீபோர்டின் மினுக்கலுக்கும் டிரம்ஸின் இடிக்கும் நடுவே, அதற்கென்றே விட்டுவைத்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தட்டும் எண்ணிச் சொல்லலாம்.  ஆறு வருடத்தில் முதல்முறையாகத் தன் வாசிப்பைத் தராசு தானே காதால் கேட்டான். 

இரண்டாவது பாட்டு முடிந்ததும் மாஸ்டர் இடது கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எங்கேப்பா ஒளிச்சு வெச்சிருந்த இதை? இருக்கட்டும், இருக்கட்டும். ஹோட்டலுக்கு நாலு பேராவே போவோம்."

மச்சினன் பல்லைக் காட்டினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மூன்றாவது, அந்த மெதுவான பாட்டு. பாடகி வெந்நீர் குடித்துவிட்டுத் தொடங்கினாள். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணம், மூன்றாவது வரி. தராசின் விரல் ஆறு வருடப் பழக்கத்தில் இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில், கிதார்க் கழுத்தின் மூன்றாவது கட்டத்தில், போய் அமர்ந்தது. அந்தச் சுரம் பளிச்சென்று எழுந்தது.

தப்பு.

அறையில் அவனுக்கு மட்டும் அது தெரிந்தது, தட்டிய விரல் அவனுடையது என்பதால். அந்த இடத்தில் குரலையே குறிவைத்துக் கேட்டுப் பழகிய மற்றவர்கள் காதில் விழுந்தது, பாடகியின் குரல் அந்தச் சுரத்தோடு சேர்ந்து ஒரு பொட்டு கீழே வழுக்கியதுதான். மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"மறுபடியுமா? ஏம்மா, இதே வரி, இதே இடம். ஹோட்டல்ல வந்து இதைப் பாடினா என்ன நினைப்பாங்க? தண்ணியக் குடி. திரும்பப் பாடு."

பாடகி பிளாஸ்க்கைத் திறந்தாள்.

தராசு தன் விரலைப் பார்த்தான். மூன்றாவது ஃப்ரெட். இருக்க வேண்டியது நாலாவது. குழுவில் சேர்ந்த முதல் நாள், முன்பு பேஸ் வாசித்தவரின் விரல்களைப் பார்த்துத்தான் பாட்டுகளைப் பிடித்தான். அங்கே எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொள்வார்கள், தாளில் எழுதுகிற பழக்கமில்லை. மற்ற சுரங்களெல்லாம் விரல் ஏற்கெனவே பழகிய தடம், பார்க்காமலே வரும். இந்த ஒரு சுரம் மட்டும் தடத்தைவிட்டு ஓர் அடி தள்ளிப் போவது. அன்றைக்கு அவன் எங்கே நின்றிருந்தான்? அவர் நாற்காலிக்குப் பக்கவாட்டில். சாய்ந்து எட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு கோடு தள்ளித் தெரிந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் நேராக நின்று பார்க்கச் சொல்கிற ஆள்!

இடது பொத்தான் காலடியில் இருந்தது. மிதித்தால் தேன் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் மூடினாலும், தனியாகக் காதில் விழாவிட்டாலும், அந்தச் சுரம் அடியில் இருந்து அவளை இழுத்துக்கொண்டுதான் இருக்கும், இத்தனை நாளும் இழுத்ததைப் போல. அதைவிட எளிதான வழி ஒன்று இருந்தது. அதைத்தான் செய்தான். இரண்டாம் முறை அந்த வரி வந்தபோது சத்தமில்லாமல் விரலை நாலாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினான்.

வரி நின்றது. நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. பாடகி பாடிக்கொண்டே கண்களை அகல விரித்தாள்.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் கைதட்டினார். "பாத்தியா? கவனம் வெச்சா வருதில்ல! ஆறு வருஷமா தலையால தண்ணி குடிச்சிருக்கேன்."

தராசு கிதாரின் வாரைச் சரிசெய்தான். முடிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தான்.

"ஆமா மாஸ்டர்," என்றாள் பாடகி. முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் நீர். "என் கவனக்குறைவுதான். இந்தப் பாட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு இன்னிக்குச் சொல்லலாம்னுதான் வந்தேன். எனக்குக் குரலே இல்லையோன்னு பயந்துட்டேன். இனிமே கவனமா இருக்கேன்."

தராசு வாரிலிருந்து கையை எடுத்தான். தப்பாக எடை காட்டும் தராசை அவன் பார்த்திருக்கிறான். அதை நம்பித் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கும் ஆளை அவன் எதிரே பார்த்ததில்லை. ஹோட்டல் நினைவுக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன, அப்படியும் வாய் திறந்துவிட்டது.

"அது நீ இல்லம்மா. நான்."

"எது?" என்றார் மாஸ்டர்.

"அந்த இடத்துல நான் தப்பு சுரம் வாசிச்சிட்டிருந்தேன். ஒரு ஃப்ரெட் கீழ. இன்னிக்குத்தான் என் காதுக்கே கேட்டுது. ரெண்டாவது தடவ மாத்திட்டேன். அதான் அவ குரல் நின்னுது."

கீழே கடையில் யாரோ இரும்புச் சாமானைப் போட்டார்கள்.

"எப்பலருந்து?" என்று பாடகி கேட்டாள்.

"முதல் நாள்லருந்து."

அவள் தலையாட்டவில்லை, கோபப்படவில்லை. "பழையபடி வாசிங்கண்ணா," என்றாள். அவன் மூன்றாவது ஃப்ரெட்டில் வாசித்தான். அவள் அந்த வரியைப் பாடினாள். குரல் இறங்கியது. "இப்ப மாத்தி வாசிங்க." நாலாவது ஃப்ரெட். குரல் நின்றது. "இன்னொரு தடவ பழையபடி." இறங்கியது. "மாத்தி." நின்றது. ஐந்தாறு முறை அப்படிச் செய்தாள். அவன் கல்லை மாற்றி மாற்றி வைத்துச் சோதிப்பதைப் போலவே அவளும் செய்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்டருக்கு இப்போதுதான் கோபம் ஏறியது. அவரும் ஆறு வருடமாகத் திட்டியிருக்கிறார் அல்லவா, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "ஆறு வருஷம்! எத்தனை மேடை! நல்ல வேளை, ஹோட்டலுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. வேணாம்பா. என் இடது கையே பாத்துக்கும்."

மச்சினன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். தராசு குனிந்து பெடலின் வயரைப் பிடுங்கப் போனான்.

"விடுங்கண்ணா அதை," என்றாள் பாடகி. பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "உங்க இடது கை தப்பினா யாருக்குத் தெரியும் மாஸ்டர்? நீங்களும் சொல்லப் போறதில்ல. பழி என் தலைல விழும், நான் இன்னும் ஆறு வருஷம் பிளாஸ்க்கைத் தூக்குவேன். இவர் தப்பினா இனிமே ஊருக்கே கேக்கும். எனக்கு இவர்தான் வேணும். இல்லேன்னா ஹோட்டலுக்கு உங்க வலது கையையே பாடச் சொல்லுங்க."

மச்சினன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். மாஸ்டர் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாகக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்லருந்து," என்றார்.

"ஒரு நிமிஷம்." பாடகி எழுந்து பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். மூடி நிறைய வெந்நீரை ஊற்றி, ஆவி பறக்கத் தராசிடம் நீட்டினாள். சிரிக்கவில்லை.

"குடிங்கண்ணா. ஆறு வருஷமா உங்களுக்குச் சேர வேண்டியதை நான்தான் குடிச்சிட்டிருந்தேன்."

தராசு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். நாக்கு பொத்துப்போகிற சூடு. எல்லோரும் காத்திருக்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.